போன மாதப் பேட்ச்

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் ஆசிரியை. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த வைஃபை கருவி எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்யவில்லை. லினக்ஸின் மைய நிரலான கெர்னலைப் புதுப்பித்தாக வேண்டும். முழு மூல நிரலையும் இறக்க எங்கள் ஊர் நெட் இழுக்காது. அதனால் மாற்றங்கள் மட்டும் அடங்கிய பேட்ச் ஃபைலைப் போனில் இறக்கிக்கொண்டு போனேன்.

அதைப் போட்டதும் திரை முழுக்கப் பிழைச் செய்தி.

பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் கேட்டார்: "போன மாசமும் இப்புடி ஒன்னு போட்டீங்களே, அதை எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. புதிய பேட்ச் அடிப்படைப் பதிப்புக்கென்று எழுதப்பட்டது. நானோ போன மாதத்துப் பேட்சின் மேலேயே போட்டிருந்தேன். நல்லவேளையாக, போன மாதப் பேட்ச் போட்ட மூல நிரலின் நகல் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதில் பழைய பேட்சை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை.

புதிய கெர்னல் தயாராவதற்குள் பள்ளியின் கடைசி மணி அடித்துவிட்டது. கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினேன். சற்று நேரம் திரை கறுப்பாகவே நின்றது. பிறகு உள்நுழையும் பக்கமும் வைஃபை அடையாளமும் வந்தன.

"வந்துருச்சுங்க டீச்சர்!" என்றார் கணக்கு டீச்சர்.

எனக்குச் சிரிப்பும் பசியும் ஒன்றாக வந்தன. மதியச் சாப்பாட்டை அப்போதுதான் திறந்தேன்.