ஒரு பெயர் சொல்லும் நேரம்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் சபைக்கு வருகிறவர்கள். கடைசிக் காலத்தில் அப்பாவின் கவலையெல்லாம் இந்த இரண்டு பாதியும் ஒருநாள் ஒன்றாகச் சேருமா என்பதுதான். ஆகவே அதையே எழுதுகிறேன். நான் வேதம் கற்றவள் இல்லை, வாலாஜாபாத்தில் தையல் கடை வைத்திருப்பவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது பெருநகருக்குப் பக்கத்தில், எங்கள் காலனியில். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. சின்ன வயதில் ஏர் ஓட்டினார், கதிர் அடித்தார். பிறகு வாலாஜாபாத் ரைஸ்மில்லில் முதுகு வளையும்வரை மூட்டை தூக்கினார். பொய் சொல்லமாட்டார், குடிக்கமாட்டார். பாட்டுக்கு மட்டும் அவர் குரல் சேராது. அது சபைக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

அம்மாவின் ஊர் மாகறல். திருமணமான இரண்டாம் வருடம் அப்பாவும் அவர் தம்பியான எங்கள் சித்தப்பாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வேகம் அதிகம் இல்லையா? அப்பா அன்று சாயங்காலமே அம்மாவை உட்கார வைத்து, விசுவாசிக்காமல் செத்தவர்களுக்கு என்றென்றைக்கும் அவியாத நெருப்புதான் என்று விளக்கியிருக்கிறார். அம்மாவைப் பெற்ற பாட்டி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“அப்போ எங்கம்மாவும் நெருப்புலதான் கீறாங்களா?” என்று அம்மா கேட்டாராம்.

“வேதம் அப்டித்தான் சொல்லுது.”

“சரி, நீங்க மேல போங்க. நான் எங்கம்மாகிட்டயே இருந்துக்கறேன். அவங்கள வுட்டுட்டு நான் மட்டும் அங்க வந்து இன்னா பண்றது?”

அம்மா கோபப்பட்டுச் சொல்லவில்லை, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகு சாகும்வரை ஞானஸ்நானம் பெறவே இல்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் ஆலயத்தைப் பெருக்கி மெழுகியவர் அவர்தான். பெற்றோர் இல்லாமல் வளர்ந்த சித்தப்பாவுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவரும் அவர்தான். எத்தனையோ போதகர்கள் வந்து எடுத்துச் சொன்னார்கள். எல்லோருக்கும் காபி கொடுத்து, சிரித்து அனுப்பிவிடுவார்.

அம்மா இறந்தபோது சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமில்லை. ஏரிக்கரைச் சுடுகாட்டில் புதைத்தோம். திரும்பி வரும் வழியில் அப்பா என்னிடம், “தெரியாத வயசுல ஒரு வார்த்த சொல்லிட்டேன் பாப்பா. அத அவ கெட்டியா புடிச்சிக்கினா” என்றார். அன்று முதல் அவர் பழைய அப்பாவாக இல்லை.

கல்லறைத் திருநாள் அன்று எங்கள் சபையில் மரித்தவர்களின் பெயர்களை, இறந்த தேதி வரிசைப்படி ஒரு நோட்டிலிருந்து வாசிப்பது வழக்கம். மூப்பர் என்ற முறையில் அப்பாதான் வாசிப்பார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துவார். மூச்சு வாங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில வருடம் கழித்துத்தான் கவனித்தேன், ஒவ்வொரு தடவையும் அதே இடம். அம்மா இறந்த தேதி வரவேண்டிய இடம். அவர் உதடு மட்டும் அசையும்.

கடைசியாக வாசித்த வருடம் அவர் நிறுத்தவில்லை. அம்மாவின் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டார். ஆலய வாசலிலேயே சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பேர யாருணா சேத்தது?”

“நான்தான்.”

“ஒலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே ஆண்டவரு தனக்குன்னு தெரிஞ்சிக்கினவங்க வேற, மத்தவங்க வேற. நீயும் நானும் சேக்க முடியாது.”

“உங்க அண்ணிய அவரு தெரிஞ்சிக்கலன்னு உனுக்கு யாருடா சொன்னது?”

“எல்லாரும் கடைசில ஒண்ணா போய்ச் சேந்துடுவோம்னா, அவரு எதுக்குணா சிலுவைல தொங்கினாரு?”

“தெரியலடா” என்றார் அப்பா. “ஆனா காணாமப்போன ஆட்டத் தேடிப் போனவரு, பொழுது சாஞ்சிடிச்சின்னு பாதி வழில திரும்பி வந்துடுவாரா? எனுக்கு அது ஒண்ணுதான் கேள்வி.”

சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர், அந்த நெருப்பை நம்பிக்கொண்டு எப்படித் தூங்கினார் என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

அப்பா படுக்கையில் விழுந்ததும் சித்தப்பா தானாக வந்தார். முகம் மழித்துவிட்டார், கால் பிடித்துவிட்டார். அப்பா அந்த நோட்டை அவர் கையில் கொடுத்து, “அவ பேர அடிச்சிடாத” என்று மட்டும் சொன்னார். சித்தப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசிக்கு முந்தின நாள் அப்பா என்னைக் கேட்டார், “அவளப் பாத்துடுவேனா பாப்பா?”

“பாத்துடுவ நைனா” என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் வேறு பதில் என் வாயில் வரவில்லை. இன்றைக்கும் பெருநகர் பேருந்து ஏரிக்கரையைத் தாண்டும்போது, அங்கே அம்மாவும் இங்கே கல்லறைத் தோட்டத்தில் அப்பாவும் தனித்தனியே படுத்திருக்கிறார்களே என்று மனம் அடித்துக்கொள்கிறது. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஒரு வேளை சோறு போட மாட்டேனா என்று ஏங்குகிறேன்.

அப்பாவைத் தூக்கிச் சுமந்த காலனிப் பிள்ளைகளுக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டுவந்த மாகறல் உறவினர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அவரவர் சாமியிடம் வேண்டிக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். சென்ற கல்லறைத் திருநாளில் அவர்தான் அந்த நோட்டை வாசித்தார். அம்மாவின் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அந்த இடம் வந்ததும் அவர் வாசிக்கவில்லை. அடுத்த பெயருக்கும் போகவில்லை. நின்றார்.

வெளியே வந்ததும், “படிக்க வாய் வரல பாப்பா. தாண்டிப் போவவும் மனசு வரல” என்றார்.

போதும் சித்தப்பா. நீங்கள் நின்ற அந்த நேரத்தில், பின்வரிசையில் இருந்த நான் அம்மாவின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டேன்.