அரைப்புள்ளிக்கு இரண்டு தட்டு

என் அண்ணன் ஒரு புளுகன். வீட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, யாரும் காதில் வாங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி வந்தால் தொடையில் இரண்டு தட்டு, முக்காற்புள்ளி வந்தால் மூன்று தட்டு என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னவன் அவன்தான். நம்பித் தொலைத்தவள் நான்.

அப்போது புக்கிட் பாத்தோக்கில் நான்கறை வீட்டில் இருந்தோம். அண்ணன் உயர்நிலைப் பள்ளி, நான் தொடக்கப்பள்ளி. தீபாவளிக்கு முன்னால் எங்கள் வகுப்பை லிட்டில் இந்தியாவுக்கு விளக்கு அலங்காரம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். காலை பத்து மணிக்கு. ஒரு விளக்கும் எரியவில்லை. இருந்தாலும் டீச்சர் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டார். அதைக் காலை அசெம்பிளியில் மைக்கில் வாசிக்க ஆள் வேண்டும். வகுப்பில் தமிழ்ப்பிள்ளை நான் ஒருத்திதான், பிடித்துவிட்டார்கள். நன்றாக வாசித்தால் அடுத்த வருடம் முழுக்கக் காலை அறிவிப்பு வாசிக்கும் வேலை எனக்கு. சொதப்பினால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், எப்போதும் தலைமுடி படிந்தே இருக்கும் பையனுக்கு. அந்த மைக்குக்காக நான் யாரையும் கடித்திருப்பேன்.

தாளை வாங்கிப் பார்த்தால் ஒரே புள்ளிக்கூட்டம். எங்கள் டீச்சருக்கு வாக்கியத்தை முடிக்கவே மனம் வராது. கடைகளில் பார்த்தவை என்று ஒரு முக்காற்புள்ளி. பூமாலை, வாழையிலை என்று அடுக்கி ஓர் அரைப்புள்ளி. பிறகு தங்கம், வெள்ளி என்று அடுக்கி இன்னோர் அரைப்புள்ளி. எங்கே மூச்சு விடுவது என்றே தெரியவில்லை.

அண்ணனைக் கேட்கலாம் என்று போனேன். அவன் வீட்டில் அதிகம் பேசமாட்டான். பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவன் முதல் எழுத்தைத் தொடங்கினால் போதும், மீதியை நாங்கள் முடித்துக் கொடுத்துவிடுவோம். “மு... மு...” என்பான். “முட்டையா? இந்தா” என்று அப்பா தட்டில் வைத்துவிடுவார். அவன் கேட்க வந்தது முறுக்காக இருக்கும். முட்டையைத் தின்றுவிட்டு எழுந்து போவான். எங்கள் வீட்டில் எல்லாம் வேகமாக நடக்கும்.

அன்று அவன் அறைக்கதவு சாத்தியிருந்தது. ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு உள்ளே சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். தட், தட். ஒரு வரி. தட், தட், தட். அடுத்த வரி. ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி இருந்தது. கதவைத் தள்ளினேன்.

“என்னண்ணே, தொடையில தாளம் போடுற?”

அவன் காது சிவந்துபோனது. “த... தமிழ் கிளாஸ்ல...”

“தெரியும்! காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு ரெண்டு, முக்காற்புள்ளிக்கு மூணு, முற்றுப்புள்ளிக்கு நாலு. தமிழ் டீச்சர் சொன்னாங்க. இங்கிலீஷுக்கும் அதேதானா?”

என்னை ஒரு நிமிடம் பார்த்தான். “ரூ... ரூல் லா” என்றான்.

ரூல் என்றால் ரூல். வீடு முழுக்கத் தட்டிக்கொண்டு அலைந்தேன். “ஏன்டி தொடையத் தொடையத் தட்டுற? கொசுவா?” என்றார் அம்மா. நான் பதில் சொல்வதற்குள், டெங்கி வந்துவிடும் என்று பூச்சாடித் தட்டுகளில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு வந்தார்.

அசெம்பிளி நாளன்று அம்மா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே நின்றார். நான் மேடை ஏறினேன். முதல் முக்காற்புள்ளி வந்தது. மூன்று முறை தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றேன். மாத்திரை என்பது கண் சிமிட்டும் நேரம் என்றுதான் பாடம். எனக்குப் பதற்றத்தில் ஒவ்வொரு சிமிட்டும் ஒரு குட்டித் தூக்கமாக நீண்டது. அடுத்து வந்த அரைப்புள்ளியில் நான் நின்றபோது, மைக் கெட்டுவிட்டதாக நினைத்துப் பள்ளிப் பணியாளர் ஓடிவந்து அதை இரண்டு தட்டு தட்டினார். அரைப்புள்ளிக்குக் கணக்குச் சரியாக இருந்ததால் நான் தொடர்ந்து வாசித்தேன்.

அடுத்த அரைப்புள்ளியில் நான் தட்டியதும் முதல் வரிசைப் பொடிசுகள் கை தட்டின. இரண்டு. அடுத்த முக்காற்புள்ளிக்கு மூன்று. இது ஏதோ தீபாவளி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசிப் பத்தியில் பள்ளிக்கூடமே தட்டிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரும் தட்டினார், அவர் மட்டும் தாளம் தப்பி. வேலிக்கு வெளியே அம்மா பெருமையோடு கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தட்டவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் பொறுமையாகச் சொன்னார். அரைப்புள்ளி எண்ணுவதற்கு இல்லையாம். தனித்தனியாக நிற்கக்கூடிய, ஆனால் ஒன்றையொன்று விட்டால் பொருள் குறைந்துபோகிற இரண்டு வாக்கியங்களை அது பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்குமாம். நீண்ட பட்டியலில் கூட்டம் கூட்டமாகப் பிரித்தும் கொடுக்குமாம். முக்காற்புள்ளி, இதோ வருகிறது பார் என்று கதவைத் திறந்துவிடுமாம். நான் அழுதுகொண்டிருந்ததால் பாதிதான் கேட்டது. மைக் முடிபடிந்த பையனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அண்ணன் முதுகில் நாலு வைத்தேன். முற்றுப்புள்ளிக் கணக்கு. அவன் தடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

“எதுக்குடா புள்ளைகிட்ட பொய் சொன்ன?” என்றார் அப்பா.

“எ... எனக்கு அது... அது இருந்தா...”

“அது இருந்தா விளையாட்டா இருக்கும், அதானே? சாரி சொல்லு!”

“சாரி” என்றான். அந்தச் சொல் மட்டும் அவனுக்குத் தடுக்கவே தடுக்காது. வழக்கு முடிந்தது, எல்லாரும் சாப்பிடப் போனோம்.

இப்போது நான் ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் மற்றவர்களின் ஆங்கில மின்னஞ்சல்களைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறேன். ஆகவே அரைப்புள்ளியைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இந்தக் கதையைக் குடும்பத்தில் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் செய்தே அலுத்துவிட்டார்கள். அது போகட்டும்.

போன மாதம் என் கல்யாண விருந்து. அண்ணன் எழுந்து வாழ்த்துரை வாசித்தான், ஆங்கிலத்தில், ஒரு பக்கம். எங்கும் தடுக்கவில்லை. “பாத்தியா, வளர வளர தானா சரியாயிடுச்சு” என்று அப்பா பக்கத்து மேசைக்காரரிடம் பெருமையடித்தார். எனக்கு மேடையில் அவனுக்குப் பின்னால் நாற்காலி. அவன் இடது கை கால்சட்டையின் ஓரத்தில் இருந்தது. விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. இரண்டு. மூன்று. நாலு.

பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொல் தடுக்காமல் இருக்க அவன் வாழ்நாளில் ஒரே ஒரு விதியைக் கண்டுபிடித்தான். அதை என்னிடம் மட்டும் கொடுத்தான். இந்த இரண்டு வாக்கியமும் தனித்தனியாக நிற்கும். பத்து வயதில் நான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அண்ணே, நீ புளுகன்தான், அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு அப்பா பிடுங்கிக்கொண்ட வாக்கியம் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. அது இருந்தா என்ன? வருகிற தீபாவளி மதியச் சாப்பாட்டில், மொத்தக் குடும்பத்துக்கும் முன்னால், நீ எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தொடையில் தட்டு, மேசையில் தட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். அப்பா வாயில் நான் முறுக்கை வைத்து அடைத்துவிடுகிறேன். நீ முடிக்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம். சொல்லு.