மரக்கட்டைகளுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமைகளில் தேவகோட்டையிலிருந்து காரைக்குடி திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், நான் கைப்பேசியில் பிரான்ஸ் நாட்டின் ஒரு மூலையில் மண்பாதை தேடிக்கொண்டிருப்பேன். மகள் ஆராய்ச்சிப் படிப்புக்காக அங்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சைக்கிளில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முதல் நாளே வழி பார்த்து அனுப்புவது என் வேலை. பள்ளியில் புவியியல் எடுக்கிறவள் என்பதால் வரைபடம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதை ஆசையால் செய்யவில்லை. பயத்தால் செய்தேன்.

பயத்துக்குக் காரணம் வீட்டில் இருக்கிறது. என் கணவர் ஒரு நாள் காலையில் பால் வாங்கச் சைக்கிளில் போனார். கிராவல் மண் ஏற்றிய டிப்பர் லாரி முக்கில் திரும்பும்போது அதன் பின்சக்கரம் சைக்கிளை உள்ளே இழுத்துவிட்டது. செய்தி கேட்டு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் டீக்கடையில் நின்றவர்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள். பூ மூட்டை ஏற்றி வந்த சின்ன வண்டிக்காரர் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார். நான் பார்த்தது நசுங்கிய சைக்கிளையும் மண்ணில் கொட்டிக் கிடந்த பாலையும்தான். அவருடைய காலில் கம்பி இருக்கிறது. இன்றும் பள்ளிக்கு வெளியே டிப்பர் சத்தம் கேட்டால் கரும்பலகையில் என் கை அப்படியே நின்றுவிடும்.

அவர் எழுந்து நடக்கத் தொடங்கிய சமயத்தில் மகள் போனில் சொன்னாள்.

"அம்மா, சைக்கிள் வாங்கிட்டேன். பழசுதான். கிராவல் பைக்குனு பேரு."

"அந்தப் பேரையே எங்கிட்டச் சொல்லாத ஆத்தா."

"லாரியில ஏத்துற மண்ணு இல்லம்மா. சரளைக்கல்லு பாதையில ஓட்டுற சைக்கிளு. இங்க வண்டியே வராத பாதை நெறையா இருக்கு. ரயிலு நின்னுபோன தடத்துல தண்டவாளத்தப் பேத்துட்டு சைக்கிளுக்குன்னே விட்டுருக்காக."

வண்டியே வராத பாதை என்றால் எப்படி நம்புவது? இங்கே கண்மாய்க் கரையில்கூட மண் அள்ளும் டிராக்டர் வருகிறது. கூடவே கூடாது என்றேன். அழுதும் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். வழியை நான்தான் பார்த்துச் சொல்வேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தில் தார்ச்சாலை சாம்பல் நிறமாகத் தெரியும். சரளைப் பாதை சுண்ணாம்புக் கோடு போல வெளுத்திருக்கும். அந்த வெள்ளைக் கோட்டை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போவேன். பண்ணை வீடு இருந்தால் அங்கே டிராக்டர் இருக்கும், அந்த வழி வேண்டாம். ஊர் இருந்தால் கார் இருக்கும், சுற்றிப் போகட்டும். இப்படிக் கழித்துக் கழித்து மிச்சம் வருவது கால்வாய்க் கரை, சூரியகாந்தி வயல், பழைய ரயில் தடம், அதற்கு அப்பால் ஓக் மரக் காடு. அவள் அனுப்பும் படங்களில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"என்ன கலெக்டரம்மா, நாளைக்கு எந்தப் பக்கம் உத்தரவு?" என்று கிண்டல் செய்வாள்.

"பிள்ளையார்பட்டிக்கு எந்த பஸ்ஸுன்னு எங்கிட்டக் கேக்குறவ, பிரான்சுக்கு வழி சொல்றா" என்பார் கணவர்.

அவள் அனுப்பியதில் எனக்கு மிகவும் பிடித்த படம் ரயில் தடம் தொடங்கும் இடம். பாதையின் குறுக்கே தடித்த மரக்கட்டைகளை நட்டு, நடுவில் இருந்ததைக் கழற்ற முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தார்கள். சைக்கிள் நுழையும். கார் நுழையாது. அந்தப் படத்தைத்தான் என் போனின் முகப்பில் வைத்திருந்தேன். பேருந்தில் பயம் வரும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொள்வேன்.

அங்கே இலை உதிரும் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரயில் தடத்தைத்தான் கடைசிவரை போகச் சொல்லியிருந்தேன். இங்கே விளக்கு வைக்கிற நேரம். கணவர் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தில் மணல் பையைக் கட்டிக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் போன புள்ளி ஓரிடத்தில் நின்றது.

"புள்ளி நின்னுருச்சுங்க."

"சாப்புடுவா. ரொட்டியத் தின்னுட்டுப் போட்டோ அனுப்புவா. செத்த இரு."

இருந்தேன். அரிசி களைந்து வைத்தேன். வந்து பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"சிக்னல் இருக்காது."

"சிக்னல் இல்லாமயா மணி அடிக்குது? என்ன பேசுறீக நீங்க?"

அவர் மணல் பையை அவிழ்த்துவிட்டு எழுந்தார். மகளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் வங்காளப் பெண்ணைக் கூப்பிட்டேன். என் ஆங்கிலம் குழறியது. புள்ளி இருந்த இடத்தை அனுப்பினேன். அவள் அவசர உதவிக்குச் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டதாம். வந்து மரக்கட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டதாம். பூட்டின் சாவி ஊர் அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மழைத் தூறலில் காட்டுக்குள் நடந்தே போயிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பாதையில் அவர்களோடு நடந்தேன். எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். வழியில் ஒரு வீடு இல்லை என்பதும் தெரியும்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஈர இலையில் சக்கரம் வழுக்கியிருக்கிறது. யாரும் இடிக்கவில்லை. இடிப்பதற்கு அங்கே யாருமே இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அவளே பேசினாள். குரல் தேய்ந்திருந்தது.

"நீ கூப்புட்டது கேட்டுச்சும்மா. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. போனு முள்ளுக்குள்ள போயி விழுந்துருச்சு. எட்டலை."

"சத்தம் போட்டியா தாயி?"

"போட்டேன். முதல்ல அவுக பாஷையில கத்துனேன். அப்புறம் தமிழ்லதான் கத்துனேன்."

விசாவுக்கு நேரம் கேட்டுச் சென்னைக்கு அலைந்தோம். கிடைப்பதற்குள் அவள் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டாள். "வரவேணாம்மா, அப்பாவப் பாரு" என்றாள். என் மகள் அந்நிய ஊரில் படுத்துக் கிடந்தபோது நான் பத்தாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் திடீரென்று சொன்னார்.

"என்னைய லாரி அடிச்சுச்சு. ஆனா தூக்க ஆளு வந்தாக. அந்தப் பூக்காரரு யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

என்னைக் குற்றம் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை.

குளிர் முடிந்ததும் மகள் கூப்பிட்டாள்.

"டாக்டரு ஓட்டலாம்னுட்டாரு. ஞாயித்துக்கெழமைக்கு வழி பாரு கலெக்டரம்மா."

அவள் எனக்காகத்தான் அந்தப் பழைய கிண்டலைத் தேடி எடுத்தாள் என்பது புரிந்தது. பேருந்தில் வரைபடத்தைத் திறந்தேன். முன்பு கழித்த பண்ணை வீடுகளை இப்போது தேடினேன். வீடு இருந்த இடத்தில் தார்ச்சாலை இருந்தது. சாலையில் ஒரு லாரி இருந்தது, அதன் நிழலும் தெரிந்தது. அதை விட்டு விலகினால் காடு. எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் காட்டுப் பாதையில் ஒரு தலை தெரியவில்லை. காரைக்குடி வந்து, எல்லாரும் இறங்கி, நடத்துநர் "டீச்சர், எறங்கலையா?" என்று கேட்கும்வரை தேடினேன்.

"என்ன சொல்லிவிட்ட?" என்றார் கணவர்.

"ஒண்ணும் சொல்லலை."

"சொல்லாட்டி போகாம இருந்துருவாளா?"

"போவா."

போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளாகவே அந்த ரயில் தடத்துக்குப் போனாள். புள்ளி மரக்கட்டைகளைத் தாண்டி உள்ளே நுழைவதைப் பார்த்தேன். கணவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் தெருமுனையில் ஒரு டிப்பர் திரும்பியது. அது போய் முடியும்வரை வாசலைப் பார்த்தேன். மறுபடி போனைப் பார்த்தபோது புள்ளி நின்றிருந்தது.

"சாப்புடுவா" என்றார் அவர்.

அவர் கையும் என் கையும் ஒன்றாகப் போனை நோக்கி நீண்டன.