ஜெராக்ஸ் கடையில் நான் போட்ட சண்டை

போன வருடம் ப்ராஜெக்ட் கொடுக்கும் சீசனில், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. அக்காவின் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டை அன்று மாலை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் ஆறு மாதம் உட்கார்ந்து அடித்தது. பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தது நான். நான் படிப்பதும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

கடைக்கார அண்ணன் பென்டிரைவைச் செருகியதும் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. திறந்தால் ஒரு ஃபோல்டரும் இல்லை. அவற்றின் பெயரில் வெறும் ஷார்ட்கட்கள். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கு ஆத்திரம்.

"ஒங்க சிஸ்டத்துல வைரஸ வச்சிக்கிட்டு எல்லார் பென்டிரைவையும் கெடுக்குறீங்களாண்ணே?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, யாரு பென்டிரைவ் போட்டாலும் இங்க மொதல்ல ஸ்கேன்தான் ஓடும். நான் தொறக்கறதுக்கு முன்னாடியே புடிச்சிருச்சு. வரும்போதே கூட்டிக்கிட்டு வந்திருக்க. வீட்ல ஆன்டிவைரஸ் ஓடுதா?"

பத்து நாள் முன்பு ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளை ஓசியில் இறக்கியிருந்தேன். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஏறும் என்றது அந்தத் தளம். அணைத்தேன். திரும்பப் போடவே இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீதானா?"

"நான்தான்."

"அழுவாதம்மா," என்றார் அவர் அக்காவிடம். "ஃபைல் எங்கயும் போவல, ஒளிச்சுதான் வச்சிருக்கு. அந்த ஷார்ட்கட்ட மட்டும் தொட்டுடாதீங்க." மறைந்திருப்பதைக் காட்டும் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். ப்ராஜெக்ட் முழுதாக இருந்தது. அங்கேயே பிரின்ட் எடுத்து, நான்கு அடிக்கக் கால் மணி இருக்கும்போது அக்கா கல்லூரியில் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வந்து, அதே கடையில், இன்னொரு வரிசைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடு. போயி ஆன்டிவைரஸ ஆன் பண்ணு," என்றார்.

செய்தேன். அந்த ஓசிச் சரக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். அப்டேட் வந்தால் இப்போது தள்ளிப்போடுவதில்லை. அக்காவின் ஃபைல்களுக்கு ஒரு நகல், தனிப் பென்டிரைவில், எதிலும் செருகாமல், பீரோவில் இருக்கிறது.

"ரொம்பத்தான் பண்றடி, ஓசியில கெடைக்குறத எதுக்கு வேணாங்குற?" என்று தோழிகள் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். என் கம்ப்யூட்டரில் அது ஏறாது. அன்று தப்பான ஆளிடம் போட்ட சண்டையை, இன்று சரியான இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.