செல்வியின் பல்லில் நான் வைத்த பிளாஸ்டர்

என் மனைவி செல்விக்கு முதலில் டீ குடிக்கும்போதுதான் வலித்தது. வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். டம்ளரை வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். பிறகு படுத்தாலே வலித்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். போட்டால் நிற்கும், விட்டால் வரும். இப்படியே ஒரு மாதம் ஓடியது.

ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தோம். பல்லுக்குள் நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும், சீழ் மட்டும் அடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? பல்வலியோடு இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருவருக்கும் வேலை. காய்ந்த கப்புகளின் விளிம்பை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. நான் அச்சுப் பிரிவு. பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து அச்சு வார்க்கிறவன். இருபது வருடமாக இதுதான். எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் எங்கள் பிரிவு ஆட்களுக்குக் கை பிளாஸ்டருக்குத்தான் போகும். சுவரில் ஆணி ஆடினாலும் அதுதான், எலி வளையை அடைக்கவும் அதுதான்.

அந்தப் பல்லில் ஒரு குழி இருந்தது. சோறு போய் மாட்டிக்கொள்கிறது என்று ஓயாமல் குச்சியால் குத்திக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை, கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "இரு, நான் அடைச்சி வுடறேன்" என்றேன்.

"வாணாங்க. பல்லு டாக்டருகிட்டயே போயிடலாம்."

"அவரு மட்டும் என்னா வைக்கப்போறாரு? இதே மாதிரி ஒன்னுதான். அஞ்சு நிமிஷத்துல செட்டாயிடும். வாயத் தொற."

"நீங்க எங்க சொன்னா கேக்கப்போறீங்க" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். தீக்குச்சி முனையில் குழைத்து வைத்தேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். நான் என்னவோ பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் தாடை வீங்கியிருந்தது. குழி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்த சீழுக்கு நான் வழியை அடைத்துவிட்டிருந்தேன். காய்ச்சலும் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர் இருக்கப்போகிறார், நாளைக்குப் போகலாம் என்றேன். அதையும் சொன்னவன் நான்தான்.

மதியத்துக்குள் வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்து கல்லாகிவிட்டது. வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பினாள். குரலே மாறிவிட்டது. இவற்றில் ஒன்று வந்தாலும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, பல் டாக்டரையும் தேடக் கூடாது, நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எனக்கு அது தெரியாது. "மூச்சு முட்டுதுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டுக் கடலூருக்கு அனுப்பினார்கள். படுத்தால் மூச்சு அடைத்தது. வழி முழுக்க உட்கார்ந்தபடியே வந்தாள். ஐயோ, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

"பல்லுல வெள்ளையா என்னமோ இருக்குது. யாரு வச்சது?" என்று கேட்டார் கடலூர் டாக்டரம்மா.

செல்வியால் பேச முடியவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கையை எடுத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"அறிவிருக்குதாம்மா உனக்கு? இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா மூச்சே நின்னுருக்கும்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். பிளாஸ்டரைச் சுரண்டிப் பல்லைத் திறந்துவிட்டார்கள். ஆறு நாள் ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) ரத்தக்குழாய் வழியாக ஏறியது. மங்கலம்பேட்டையிலிருந்து அவளுடைய அக்கா வந்து, "உனுக்கு ஏண்டி புத்தி இப்பிடிப் போச்சி?" என்று தலையில் அடித்துக்கொண்டார். செல்வி பேசாமல் கேட்டுக்கொண்டாள். அக்கா எனக்குக் காபி வாங்கிக் கொடுத்து, "நீங்க ஒடஞ்சி போயிடாதீங்க" என்றார். வெட்கமில்லாமல் அந்தக் காபியைக் குடித்தேன்.

வீக்கம் வடிந்த பிறகு விருத்தாசலத்திலேயே வேர் சிகிச்சை (பல்லுக்குள் அழுகிய நரம்பை எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது). மூன்று முறை போனோம். மரத்துப்போக ஊசி போட்டதால் அழுத்துவது மட்டும்தான் தெரிந்தது என்றாள். இதற்குப் பயந்துகொண்டா ஒரு மாதம் மாத்திரையை விழுங்கினோம்! கடைசியில் மேலே ஓர் உறை மாட்டினார்கள். அந்தப் பல் இனி மெல்லும். சூடும் குளிர்ச்சியும் அதற்குத் தெரியாது.

"இனிமே நீயா எதையும் வைக்காதம்மா" என்றார் பல் டாக்டர், கடலூரில் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு.

"அவ வைக்கல சார்" என்றேன். "வாணாம்னுதான் சொன்னா. நாந்தான் வச்சேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வி அழுதாள். வலியில்கூட அவள் அப்படி அழவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? உங்களக் காப்பாத்தணும்னுதான் நான் வச்சேன்னு கையக் காட்டுனேன். அதுக்காவ அப்பிடியே வுட்டுடுவீங்களா? இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு ஆறு நாளும் பாத்துக்கினே இருந்தேன்."

அந்த ஆறு நாளும் நான் அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.