தீப்பெட்டிக்குள் ஒரு முள்

ஷாகுல் பாய் எந்த ஷூவையும் காலில் மாட்டுவதற்கு முன் கையில் மாட்டிப் பார்ப்பார். மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, மூக்குப் பகுதியைத் தடவி, பக்கங்களைத் தடவி, அடித்தட்டை அழுத்தி, பிறகு கவிழ்த்துப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவார். மணல் உதிரும். சில நாள் நூல் பிசிறு வரும். ஒருமுறை ஏ.சி. மூடியில் போடுகிற ஸ்குரூ ஒன்று விழுந்தது. அதன் மேல் நின்றுகொண்டே ஒரு பகல் முழுக்க அவர் சேலையூரில் வேலை பார்த்திருந்தார். "இது எப்படா உள்ள போச்சு" என்று அவர் ஸ்குரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி ருக்ஸானா அவர் காலுறையைக் கழற்றி உள்ளங்காலைப் பார்த்தார். போய் டெட்டால் எடுத்துவந்தார். கையை விட்டுப் பார்க்கும் வழக்கம் அன்று தொடங்கியது.

சர்க்கரைதான் காரணம். வந்து பல வருடம் ஆகிறது. வந்தது தெரியாமல் வந்து, பாதங்களில் இருந்த உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. தரை சூடா குளிர்ச்சியா என்று அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லவேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஏ.சி., பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் அவர். வேலைக்குப் போன வீட்டில் முதலில் பையைத் திறக்கமாட்டார். வெளியே தொங்கும் பெட்டியின் செம்புக் குழாய் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "கேஸ் கம்மியா கீது" என்பார், இல்லாவிட்டால் "கேஸ் நல்லா கீது, நீங்கதான் ஜன்னல தொறந்து வச்சுகீறீங்க" என்பார். கடிகாரம் போல் முள் ஆடும் மீட்டரைப் பிறகுதான் மாட்டுவார், வீட்டுக்காரர் திருப்திக்காக. கை இவ்வளவு பேசுகிற ஆளுக்குக் கால் ஊமையாகிப் போனதில் அவருக்குக் கோபம் உண்டு. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தட்டு விளையாட்டு அவரிடம் வந்தது உமேஷ் மூலமாக. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாக வெளிநாடு போய்வந்த பையன், பக்கத்துத் தெரு. போனில் ஒரு படத்தைக் காட்டி, "பாய், இந்த மாதிரி ஒரு கூடை பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டான். ஒரு கம்பம், நடுவில் கம்பிக் கூடை, அதற்கு மேல் குடை விரித்ததுபோல் வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை வீசவேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி வீசவேண்டும். கடைசியில் சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழவேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். "தட்டு வீசறதுக்கு ஒரு பேரா, இன்னாபா இது" என்று சிரித்தாலும், பழைய ஏ.சி. பெட்டிகளின் மின்விசிறிக் கம்பிவலைகளைக் கூடையாக வளைத்து, சங்கிலி பற்றவைத்துக் கொடுத்தார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டி, இன்னும் வீடு எழும்பாத மனைகளில், உரிமையாளர்களைக் கேட்டு அவற்றை நட்டார்கள். சங்கிலி தாங்குமா என்று பார்க்க ஷாகுல் பாய் ஒரு தட்டை வாங்கி வீசினார். 'சளார்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்தைத் தேடித்தான் இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுக்கிறார்.

மாத்திரைக்கு மசியாத சர்க்கரை தட்டுக்கு மசிந்தது. கரையோரம் அவ்வளவு நடை. டாக்டருக்கே ஆச்சரியம். ஆனால் போன மழைக்காலத்தில் வலது காலின் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஷூ இறுக்கி, தேய்த்து, தோல் உரிந்து, அவருக்குத் தெரியாமலே உள்ளே போய்விட்டது. ஆறுவதற்குள் மழையே முடிந்துவிட்டது. கட்டைப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: "நடங்க, விளையாடுங்க, நான் வேணாங்கல பாய். ஆனா இந்தக் கால்ல இன்னொரு புண் வந்துச்சுன்னா தட்டப் பரண்ல போட்டுடுங்க. அதுக்கப்புறம் நாம பேசப்போறது விளையாட்டப் பத்தி இல்ல, விரலப் பத்தி."

வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். வாசலைத் தாண்டி ஒரு செருப்பும் வந்ததில்லை அந்த வீட்டில். ருக்ஸானா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு நீல ரப்பர் செருப்பு வாங்கிவந்து, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்தார். "இது செருப்பு இல்ல, மருந்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் பாத்திரத்துக்கு அடுத்து அதைக் கழுவுகிறார்.

புது ஷூ வாங்குவதென்று முடிவானதும் ஷாகுல் பாயின் சட்டைப் பைக்குள் ஒரு தீப்பெட்டி வந்து சேர்ந்தது. அவர் பீடி பிடிப்பவர் இல்லை. தீப்பெட்டியில் இருந்தது ஏரிக்கரையில் பொறுக்கிய சீமைக்கருவேல முள், ஆணி நீளத்துக்கு ஒன்று. தட்டு புதருக்குள் போனால் எடுக்கப் போகவேண்டும்; புதர் முழுக்க அதுதான். கடையில் பையன்கள் எடுத்துப்போடும் ஷூவைக் கவிழ்த்து, குதிகால் ஓரத்தில் முள்ளை வைத்து அழுத்துவார். அஸ்தினாபுரத்தில் ஒரு கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிவைத்தார். குரோம்பேட்டையில் ஒருவர் கும்பிடாமல் அனுப்பினார்.

கடைசியில் மேற்குத் தாம்பரம் கடைத்தெருவிலேயே ஒரு கடை. போனது சாயங்காலம். பகலெல்லாம் நின்ற கால் பொழுது சாயும்போது வீங்கியிருக்கும். காலையில் பொருந்துவது அப்போது பொருந்தாது. இந்த முறை ருக்ஸானாவும் கூட வந்தார். விற்பனையில் இருந்த பெண் கிருபா, பொறுமைசாலி.

"சார், ஓட்ட போடாதீங்க சார்."

"நான் போடலம்மா. அங்க ஏரிக்கரைல போடும். இங்க தாங்குனாதானே அங்க தாங்கும்?"

முதலில் வந்தது ஓடுவதற்கான ஷூ, பஞ்சு போல. முள் இட்லியில் இறங்குவதுபோல் இறங்கப் பார்த்தது. "இது ரோட்டுல ஓடறவங்களுக்கு" என்று ஒதுக்கினார். அடுத்தது மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸ். முள் தோற்றது. ஆனால் போட்டுக்கொண்டு கடை நடுவில் வீசுவதுபோல் சுழன்று பார்த்தவர், கணுக்கால் திரும்பாமல் கண்ணாடி மேல் சாய்ந்தார். "வீசும்போது வலது கால் குதியில சுத்தணும்மா. இடது கால் மூக்கு தரையில இழுபடும். பழசப் பாரு, இடது மூக்கு மட்டும் எலி கடிச்ச மாதிரி கீது." கிருபா உள்ளே போய், தேடி, மூக்கில் தடித்த ரப்பர் வைத்த, அடியில் பல்பல்லாக வெட்டிய ஒரு சாம்பல்நிற ஷூவைக் கொண்டுவந்தாள். முள் நுனி மழுங்கியது. கையில் எடுத்தால் கனமும் இல்லை. ஷாகுல் பாயின் முகம் மலர்ந்தது.

இரண்டு அளவு இருந்தது. சின்னதைப் போட்டு நாடாவை இறுக்கி எழுந்து நின்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இதாம்மா. இதான் கரெக்ட்டா கீது. பில் போடு."

"பெருசையும் போட்டுப் பாருங்க" என்றார் ருக்ஸானா.

போட்டார். நாலடி நடந்தார். "ஒண்ணுமே தெரியலயே. காத்துல நிக்கற மாதிரி கீது. வேணாம், அதுதான்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"உனக்கு இன்னா தெரியும்? அதப் போட்டாத்தான் எனக்குக் கால் கீறதே தெரியுது."

கிருபா அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். போன ஷூவைக் கணவர் ஏன் அப்படிப் பிடிவாதமாக இறுக்கமாக வாங்கினார், வேண்டாம் என்று தான் சொல்லச் சொல்ல ஏன் அதையே போட்டுக்கொண்டு திரிந்தார் என்பது ருக்ஸானாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்தார். ஷாகுல் பாயின் கடையில் கிடந்த ஏ.சி. பெட்டி அட்டை. முந்தின நாள் சாயங்காலம் ஷாகுல் பாயை அதன் மேல் நிற்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரித்தது. வலதுகால் அட்டையைச் சின்ன ஷூவுக்குள் நுழைத்தார். சுண்டுவிரல் பக்கம் அப்பளம் பொரிந்ததுபோல் அட்டை மடங்கி எழுந்தது.

"அட்டதானே, மடங்கத்தான் செய்யும்" என்றார் ஷாகுல் பாய்.

"சரி, அட்டைய நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. உங்க கைய நம்புவீங்கல்ல? குழாயப் பாக்கற மாதிரி பாருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன ஷூவுக்குள் கையைச் செலுத்தி, விரல்களைப் பாதம் போல் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் ஓரம் ஒரு தையல் வரம்பில் போய் முட்டியது. பழைய புண் இருந்த அதே இடம். கையை எடுத்துப் பெரியதில் விட்டார். அதில் அந்த இடத்தில் தையலும் தடுக்கவில்லை, விரல்கள் ஒன்றையொன்று நெருக்கவும் இல்லை. வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"இதுல எடம் கீது" என்றார், குரல் இறங்கி. "ஆனா போட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே, ருக்ஸு."

"தெரியாம இருக்கறதுக்குத்தான் வாங்குறோம்" என்றார் ருக்ஸானா.

ஞாயிற்றுக்கிழமை ருக்ஸானாவும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். இத்தனை நாளில் முதல்தடவை. ஏரியில் நீர்க்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. புல்லில் பனி. "அக்கா, நீங்களும் வீசுறீங்களா?" என்று உமேஷ் கேட்டதற்கு, "நான் தட்டப் பாக்க வரல, ஷூவப் பாக்க வந்திருக்கேன்" என்றார்.

ஷாகுல் பாயின் முதல் வீச்சு கூடையை விட்டுவிட்டு ஏரியை விசாரிக்கப் போனது.

"பாய், ஷூ புதுசு, வீச்சு மட்டும் பழசாவே இருக்கே" என்றான் உமேஷ்.

"இரு மச்சான், ஷூ இப்பத்தான் தாம்பரம் வந்துகீது. வழி கத்துக்கட்டும்."

கற்றுக்கொண்டது. ஈரப்புல்லில் வழுக்கவில்லை; வலது குதி பம்பரம்போல் சுழன்றது; இடது மூக்கு தரையைக் கீறிக்கொண்டு வந்தும் ரப்பர் அசரவில்லை. புதருக்குள்ளும் போய்வந்தார். பாதி ஆட்டத்தில் ருக்ஸானா கை காட்டினார். ஷாகுல் பாய் கரைமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். போட்டிருந்தது வெள்ளைக் காலுறை. துளி ரத்தம் பட்டாலும் காட்டிக்கொடுக்கட்டும் என்று ருக்ஸானா வெள்ளை தவிர வேறு நிறம் வாங்குவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுண்டுவிரல் ஓரத்தைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "போங்க" என்றார்.

கடைசிக் கூடையில் சங்கிலி 'சளார்' என்றபோது ருக்ஸானாவும் அதைக் கேட்டார். அன்று ஜெயித்தது உமேஷ்தான். மறுபடி காலுறை பார்க்கப்பட்டது. புழுதி தவிர ஒன்றுமில்லை.

ஸ்கூட்டர் வரை நடக்கையில் ருக்ஸானா ஒரு காலை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தார். "இன்னா?" என்றார் ஷாகுல் பாய். "ஒண்ணுமில்ல, கல்லு." அவர் குனிந்து மனைவியின் காலிலிருந்து மெல்லிய செருப்பைக் கழற்றி, அடியிலும் மேலிலும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். பாதி வழியில் கை நின்றது. அடியில் ஏறி மறுபக்கம் நுனி காட்டிய கருவேல முள்ளை நகத்தால் பிடுங்கினார். பையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்து, மழுங்கிய பழைய முள்ளைத் தூர எறிந்துவிட்டு, இதை உள்ளே வைத்து மூடினார். பிறகு செருப்பைத் தரையில் வைத்து, தன் ஷூ ஒன்றைக் கழற்றி, ருக்ஸானாவுக்கு எந்த அளவு வாங்குவது என்று அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.