சாமை உமியும் இரும்புச் சட்டியும்

காளியப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று ஜவ்வாது மலையிலுள்ள தன் ஊருக்குப் போனவர். "அண்ணன் போய்ட்டாருங்க" என்றார் போனில் அவருடைய தம்பி. கையிலிருந்த கலத்தைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் அவரோடு ஆராய்ச்சி செய்த எங்களுக்கு அவர் எதைத் தேடினார் என்று தெரியும். மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, விலை உயர்ந்த உலோகங்களை வினையூக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த இடத்தில் ஜவ்வாது மலையின் சாமை உமி நிற்கும் என்று அவர் நம்பினார். அமிலம் வாங்காமல், உமியைப் புளித்தண்ணீரில் வேகவைத்து, பிறகு கரியாக்கி, நிக்கல் வலையில் பூசினார். வேகவைக்க வீட்டு இரும்புச் சட்டியைப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். குறைந்த மின்னழுத்தத்திலேயே குமிழிகள் பொங்கின. ஆய்வுக் கட்டுரை தயாரானது. இனி உமி விலைபோகும் என்று ஊரில் அதை மாட்டுக்குப் போடாமல் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

"மொதல்ல ஒண்ணும் போடாம ஓட்டிப் பாருங்க. அப்புறம் பெருமைப்படலாம்" என்று எங்களிடம் சொல்வார். சோதிக்கிற பொருளைச் சேர்க்காமலே சோதனையை ஒருமுறை நடத்திப் பார்ப்பதுதான் அது. கட்டுரையை அனுப்பும் முன் அதை அவரே செய்தார். கண்ணாடிக் கலத்தில் வேகவைத்த உமி வேலை செய்யவில்லை. உமியே போடாமல், சட்டியில் கொதித்த வெறும் புளித்தண்ணீரில் நனைத்த வலை பொங்கியது. புளி சட்டியை அரித்திருந்தது. இரும்பு வலையில் படிந்திருந்தது.

"உமி இல்லீங்க. எங்க வூட்டு சட்டிதான் இத்தினி நாளா வேல செஞ்சிருக்குது" என்று சிரித்தார்.

நிக்கலோடு இரும்பு சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும் என்பது முன்பே தெரிந்த விஷயம். கட்டுரையில் புதிதாக எதுவும் மிஞ்சவில்லை.

"உமின்னே எழுதிடுங்கண்ணா. எவன் சட்டியப் பாக்கப் போறான்?" என்றார் எங்களில் ஒருவர்.

"நான் பாத்துட்டனே" என்றார்.

ஊரில் சொல்வதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. எங்களில் சிலர் கூடப் போனோம். அடிவாரத்து அமிர்தியைத் தாண்டி பஸ் மலையேறியது. அவர் வீட்டு வாசலில் உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவருடைய மாமா நின்றிருந்தார்.

"இன்னா மாப்ள, எப்ப எடுத்துக்கினு போற?"

"உமில ஒண்ணும் இல்ல மாமா. நாந்தான் தப்பா பாத்துட்டேன்."

மாமா மூட்டைகளைப் பார்த்தார். "மாடாச்சும் சந்தோசப்படும். சட்டியயாவது திருப்பிக் குடுப்பியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காளியப்பன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

துக்கத்துக்குப் போனபோது அந்தச் சட்டியைக் கொண்டுபோனேன். மாமா அதை வாங்கி, உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இங்க சோறாக்க வேற இருக்குதும்மா. இது அவன் வேல செஞ்ச எடத்துலயே இருக்கட்டும்."

இப்போது அது என் மேசைக்கு அடியில் இருக்கிறது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைக்கிறேன். நல்ல முடிவு வரும் நாட்களில், எழுத உட்காருவதற்கு முன் எழுந்துபோய், ஒன்றும் போடாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.